மாதிரி வினாத்தாள்

அத்தியாயம் 11

போன செவ்வாய்க்கிழமை என் மாமனார் காணாமல் போய், மூன்று மணி நேரம் கழித்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் கிடைத்தார். கையில் ஒரு கண்ணாடி டம்ளர். ஒரு பொட்டு மழை இல்லாத நாளில் மழையை அளக்கப் போயிருந்தார். "வீடு எந்தப் பக்கம்னு தெரியலைம்மா, சரி, மழை வரட்டும்னு நின்னுட்டேன்" என்று சாவகாசமாகச் சொன்னார். வீட்டுக்குக் கூட்டிவந்து சோபாவில் உட்காரவைத்தபோது என் மாமியார் சொன்னது ஒரே வாக்கியம். "அவர் சும்மா காலாற நடக்கப் போனார்."

அந்தச் 'சும்மா'வைக் கேட்டு எனக்கு ஏறிய கோபம் ஒரு வாரமாகியும் இறங்கவில்லை.

இந்த வாரம்தான் எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறீர்கள் என்றால் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். மாமனார் வானிலை நிலையத்தில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தவர். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே வந்து, அண்ணாந்து பார்த்து, எவ்வளவு மேகம், எந்தப் பக்கம் காற்று என்று எழுதிவைத்தவர். மாமியார் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. ஓய்வு பள்ளிக்கூடத்துக்குத்தான் கிடைத்தது, எங்களுக்குக் கிடைக்கவில்லை. நான் மருமகள். கண்ணாடிக் கடையில் கண் பார்த்து லென்ஸ் எண் சொல்கிறவள். என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில், எந்தக் கடலில் என்று எனக்கே சரியாகத் தெரியாத ஏதோ ஒரு கடலில் இருக்கிறார்.

வானிலைக்காரர்கள் வானத்தை எட்டுப் பங்காகப் பிரிப்பார்களாம். மேகமே இல்லையென்றால் பூஜ்யம், முழுக்க மூடியிருந்தால் எட்டு. மாமனார் தடுமாறத் தொடங்கியதிலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் அவருக்கும் அதே கணக்கைப் போட்டுக்கொண்டோம். "அப்பா இன்னிக்கு எப்படி?" என்று கப்பலிலிருந்து கேட்பார். "எட்டுல மூணு" என்பேன். போன செவ்வாய்க்கிழமை ஏழு.

ஆறு மாதத்துக்கு முன்னால் மாமியார்தான் அவரை ஞாபக மறதி கிளினிக்குக்கு அழைத்துப் போனார். தனியாக. அங்கே கேள்வி கேட்டு மார்க் போடுவார்கள். முப்பதுக்கு இருபத்தெட்டு வாங்கினார் மாமனார். முந்தின நாள் தன் மூக்குக் கண்ணாடியை என்னிடம் நீட்டி "இது யாரோடதும்மா?" என்று கேட்ட மனிதர், இருபத்தெட்டு. 'வயதுக்குரிய மறதி' என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மைதானத்துக்குப் பிறகு நான் விடவில்லை. சண்டை போட்டு இரண்டாவது பரிசோதனைக்கு நாள் வாங்கினேன். வியாழக்கிழமை, காலை பத்து மணி. எங்கள் தெருவிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி ஒரு பகல் காப்பகம் இருக்கிறது. காலையில் வேன் வந்து அழைத்துப் போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். அங்கே ஓர் இடம் காலி. ஆனால் டாக்டர் 'அல்சைமர்' என்று எழுதிக் கொடுத்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். இந்தத் தடவையும் இருபத்தெட்டு வாங்கிவிட்டால் மருந்தும் இல்லை, வேனும் இல்லை. அடுத்த முறை அவர் மைதானத்தில்தான் போய் நிற்பார் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? மைதானத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் லாரி போகிற சாலை இருக்கிறது.

*

இன்று செவ்வாய்க்கிழமை. காலையில் கடையில் ஒரு பெரியவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு லென்ஸை மாட்டி, இன்னொன்றை மாட்டி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பதுதான் என் பிழைப்பு. அவர் "ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு" என்றார். ரொம்ப நல்ல மனசு, எண் சொல்ல உதவாது. வெளியே வெயில் வெளிறிப்போய், பால் கலந்த தண்ணீர் மாதிரி தெருவில் கிடந்தது. நிழல்களுக்கு ஓரமே இல்லை. லென்ஸ் மாட்டாமல் உலகத்தைப் பார்த்தால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே நின்றபோது போன் அடித்தது.

கிளினிக்கிலிருந்து. யாரோ வரவில்லையாம், இன்று மதியம் மூன்று மணிக்கு ஓர் இடம் இருக்கிறதாம். வருகிறீர்களா என்றார்கள். கரும்பு தின்னக் கூலியா? வருகிறோம் என்று சொல்லிவிட்டு, பெரியவரை என்னோடு வேலை பார்ப்பவளிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

வீட்டில் ஜன்னல் திரைகள் பாதி மூடியிருந்தன. மாமனார் பால்கனியில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நோட்டை மூடினார்.

"அத்தை, கிளம்புங்க. கிளினிக்ல இன்னிக்கே வரச் சொல்லிட்டாங்க. மூணு மணிக்கு."

"இன்னிக்கா?" மாமியார் எழுந்தே விட்டார். "இன்னிக்கு எப்படிப் போறது? இன்னும் போர்ஷனே முடியலையே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. எனக்கும்.

"என்ன போர்ஷன்?"

"ஒண்ணுமில்லை."

"அத்தை, அந்த நோட்டைக் கொடுங்க."

முப்பது வருஷம் பிள்ளைகள் கையிலிருந்து நோட்டைப் பிடுங்கியவர், தன் நோட்டை என்னிடம் கொடுக்க ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு மேஜைமேல் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிரித்தேன். அச்சடித்த மாதிரி கையெழுத்து. 'மாதிரி வினாத்தாள் – 7' என்று தலைப்பு, கீழே அடிக்கோடு.

ஒன்று, இன்று என்ன கிழமை? வியாழன். இரண்டு, இது என்ன மாதம்? நான்கு, நாம் எந்த மாடியில் இருக்கிறோம்? இரண்டாவது மாடி. ஆறு, மூன்று சொற்களைக் கேட்டு மீண்டும் சொல்க: ஊசி, படகு, மஞ்சள். ஏழு, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க: 93, 86, 79, 72, 65. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் டிக், அல்லது பெருக்கல் குறி. ஓரத்தில் குறிப்புகள். 'கவனக்குறைவு.' 'முன்னேற்றம் உண்டு.' 'இரண்டாம் முறை சரியாகச் சொன்னார்.' நேற்றைய தாளில் கடைசியாக, 'களைத்துவிட்டார், பாவம். நாளை பார்க்கலாம்.'

முன்பக்கம் புரட்டினால் ஆறு மாதத்துக்கு முந்தின தேதிகள். நாற்பது நாள் பயிற்சி. அந்த இருபத்தெட்டு எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"போன தடவை என்ன கேட்டாங்கன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கு முன்னாடி போயிட்டு வந்த ஒரு அம்மாகிட்ட கேட்டேன். எல்லார்கிட்டயும் இதேதான் கேக்கறாங்க." குரல் கம்மிப்போயிருந்தது. "பரீட்சைன்னா படிக்கவைக்க வேண்டாமா? படிக்காம யாரைம்மா பரீட்சைக்கு அனுப்புவாங்க?"

"இது பரீட்சை இல்லை அத்தை. நான் கடைல கண் பார்க்கும்போது, ஒருத்தர் எழுத்தையெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிச்சார்னா நான் என்ன கண்ணாடி கொடுப்பேன்? எந்தக் கண்ணாடியும் கொடுக்க மாட்டேன். அவர் ரோட்டுல போய் முட்டிக்கிட்டு நிப்பார்."

"முட்டிக்காம நான் பார்த்துக்கறேன்."

"போன வாரம் பார்த்துக்கிட்டீங்களா?"

கேட்டிருக்கக் கூடாதுதான். என் வாய்க்குப் பூட்டு இல்லை என்று என் வீட்டுக்காரர் சொல்வார். மாமியார் என் பக்கம் திரும்பினார். அவர் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருப்பதை அப்போதுதான் பார்த்தேன். எப்போது இவ்வளவு இளைத்தார்?

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "எங்க ஸ்கூல்ல கணக்கு டீச்சர் ஒருத்தி இருந்தாளே, உனக்குத் தெரியும். அவ வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. இவளே கூட்டிட்டுப் போனா. டாக்டர் வியாதி பேரை எழுதினார். ரெண்டே மாசம். பிள்ளைங்க வந்து ஒரு பையில துணியை எடுத்து வெச்சு, எங்கேயோ ஒரு இல்லத்துல கொண்டுபோய் விட்டுட்டாங்க. பதினஞ்சு நாள்னு சொன்னாங்க. அவர் திரும்பி வரவே இல்லை." நிறுத்தினார். "அந்தப் பேரை எழுதாத வரைக்கும் அவர் என் வீட்டுல இருப்பார். எனக்கு அது போதும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார் என்று கோபித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பூசணிக்காய் அவர் புருஷன் என்பது அந்த நேரத்தில்தான் எனக்குப் பட்டது. கோபம் அப்படியே நின்றது, ஆனால் அதற்குப் போக இடமில்லாமல் நின்றது.

"உங்க பையனும் நானும் அப்படிச் செய்வோம்னு நினைக்கிறீங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் பால்கனியிலிருந்து குரல் வந்தது.

"டீச்சரம்மா, இங்கே வாயேன். வந்து பாரேன்."

கல்யாணமான நாளிலிருந்து மாமனார் மாமியாரைக் கிண்டலாக அழைக்கிற பெயர் அது. இப்போதெல்லாம் அது கிண்டலா, இல்லை பெயர் மறந்துபோய் அப்படி அழைக்கிறாரா என்று எங்களுக்குத் தெரிவதில்லை. மாமியாருக்குத் தெரியுமோ என்னவோ, கேட்டதில்லை.

போனோம். மாமனார் கையை நீட்டி, உள்ளங்கையால் சூரியனை மறைத்துக்கொண்டு நின்றார். "நேராப் பார்க்காதீங்க. இப்படி மறைச்சுக்கிட்டு சுத்திவரப் பாருங்க."

நாங்களும் கையை நீட்டினோம். சூரியனைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் கட்டியிருந்தது. உள்ளே லேசான சிவப்பு, வெளியே வெளுத்த நீலம். இவ்வளவு நேரமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. அதற்குக் கீழேதான் நான் பஸ் பிடித்து ஓடிவந்திருக்கிறேன்.

"ரொம்ப உசரத்துல மெல்லிசா மேகம். கண்ணுக்கே தெரியாது. அதுல முழுக்க ஐஸ் துகள். வெளிச்சம் அதுல வளைஞ்சு வருது." மாமனார் பாடம் நடத்துகிற குரலில் சொல்லவில்லை. தூக்கத்தில் பேசுகிறவர் மாதிரி மெதுவாகச் சொன்னார். "நாளைக்கு மழை வரும். இல்லேன்னா நாளன்னிக்கு."

"எட்டுல எத்தனை மாமா?" என்று கேட்டேன்.

"எட்டுமே மேகம்தான்மா. ஆனா சூரியன் தெரியுது பார்."

மூன்று பேரும் கையை நீட்டிக்கொண்டு நின்றோம். எதிர்வீட்டிலிருந்து பார்த்தவர்கள் இந்தக் குடும்பத்துக்கு என்ன ஆச்சு என்று நினைத்திருப்பார்கள். அப்புறம் மாமனார் என்னைப் பார்த்து, "சாப்பிட்டாச்சாம்மா நான்?" என்று கேட்டார். சாப்பிட்டு அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது.

"ஆச்சுங்க" என்றார் மாமியார். பிறகு என்னிடம் திரும்பாமலே, "டாக்ஸிக்குச் சொல்லு" என்றார்.

*

டாக்ஸியில் மாமனாரும் மாமியாரும் பின்னால், நான் முன்னால். வண்டி சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பின்னாலிருந்து முணுமுணுப்பு கேட்டது. பரீட்சை ஹாலுக்கு வெளியே நின்று கடைசி நிமிஷத்தில் புரட்டுகிற பிள்ளைகளின் முணுமுணுப்பு.

"என்ன கிழமைங்க?"

"வியாழன்."

"இல்லைங்க. இன்னிக்குச் செவ்வாய்."

"நேத்து வியாழன்னு சொன்னியே."

"அது நாளன்னிக்கு."

மாமனார் யோசித்தார். "அப்ப நாளன்னிக்கே போலாமே."

டிரைவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. மாமியார் சிரிக்கவில்லை. "அத்தை, போதும் விடுங்க" என்றேன். கண்ணாடியில் பார்த்தேன். மாமனார் ஜன்னலில் தலையைச் சாய்த்து வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். கட்டடங்கள் வந்து வந்து போயின. அந்த வட்டம் மட்டும் எங்களோடு கூடவே வந்தது. மாமியாரின் சுண்டுவிரலை அவர் பிடித்துக்கொண்டிருந்தார்.

கிளினிக்கை மாற்றி அமைத்திருந்தார்கள். இரண்டாவது மாடியில் இருந்த அறை இப்போது தரைத்தளத்தில், தோட்டத்துப் பக்கம். அதைப் பார்த்ததும் மாமியார் முகம் இன்னும் சுருங்கியது. விடை எண் நான்கும் போயிற்று.

பரிசோதனை செய்கிற பெண் வெளியே வந்தாள். பெரிய காதணி, சின்னக் குரல். "ஒருத்தர் மட்டும் கூட வரலாம். ஆனா நடுவுல எதுவும் பேசக் கூடாது."

நாங்கள் இருவரும் எழுந்தோம். நான் எதற்கும் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் மாமியார் என்னைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"நீயே போ. நான் போனா என் உதடு சும்மா இருக்காது."

உள்ளே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஓரமாக எனக்கு ஒரு ஸ்டூல். ஜன்னலுக்கு வெளியே செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறவரின் கால்கள் தெரிந்தன. அந்தப் பெண் கேட்பதற்கு முன்னால் மாமனார் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

"ஐயா, இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழக்கிழமை." கொஞ்சம்கூடத் தயக்கம் இல்லை.

"நாம எந்த மாடியில இருக்கோம்?"

"இரண்டாவது மாடி." சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். தோட்டக்காரரின் கால்களைப் பார்த்தார். ஏதோ சரியில்லை என்று அவருக்கே பட்டது. ஆனால் படித்த பதில் அதுதான், மாற்றவில்லை.

நூறிலிருந்து ஏழு ஏழாக எல்லாம் சரி. பாட்டு மாதிரி வந்தது. பிறகு அந்தப் பெண், "நான் மூணு வார்த்தை சொல்றேன், ஞாபகம் வெச்சுக்கங்க. கதவு, குதிரை, பச்சை" என்றாள். மாமனார் திருப்பிச் சொன்னார். "ஒரு கடிகாரம் வரைங்க, மணி பதினொண்ணு பத்து" என்று தாளை நீட்டினாள்.

அவர் அழகாக ஒரு வட்டம் போட்டார். வட்டத்தின் முக்கால் பாகத்தைப் பென்சிலால் நிதானமாகக் கறுப்பாக்கினார். ஓரத்திலிருந்து ஒரு கோடு இழுத்து, அதன் நுனியில் சின்னதாக ஒரு இறகு வைத்தார். எண்கள் இல்லை, முள் இல்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பேசக் கூடாது என்றவளே கண்ணால் கேட்டாள்.

"வானிலைக்காரங்க போடற குறி" என்றேன். "வானத்துல எட்டுல ஆறு மேகம். கோடு இருக்கற பக்கத்துலேருந்து காத்து."

"மேற்கே இருந்து" என்றார் மாமனார் பிரியமாக.

"சரிங்க ஐயா. கொஞ்ச நேரம் முன்னாடி மூணு வார்த்தை சொன்னேனே, என்ன?"

"ஊசி, படகு, மஞ்சள்."

இதைச் சொல்லும்போதுதான் அவர் முகத்தில் ஒரு நிம்மதி. இதைத்தான் அவர் காலையிலிருந்து விழாமல் ஏந்திக்கொண்டு வந்திருக்கிறார். நான் சண்டை போட்டு வாங்கிய நாள் இது. அவர் தோற்க வேண்டும் என்றுதான் கூட்டிக்கொண்டு வந்தேன். தோற்றார்.

கடைசியாக அந்தப் பெண், "ஏதாவது ஒரு வாக்கியம் எழுதுங்க. உங்க மனசுல என்ன தோணுதோ அது" என்றாள். மாமனார் ஒரு வரி எழுதினார். பென்சிலைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்து இன்னொரு வரி எழுதினார். அந்தப் பெண் படித்துவிட்டு, தாள்களைக் கோப்பில் வைத்து என்னிடம் தந்தாள். "பக்கத்து ரூம்ல டாக்டர் இருக்கார். கூப்பிடுவாங்க. இதைக் கொடுத்துடுங்க."

*

வெளியே தாழ்வாரத்தில் நீளமாக வெளிச்சம் விழுந்திருந்தது. மாமியார் என் முகத்தைப் பார்த்தார். கோப்பைப் பார்த்தார். கையை நீட்டினார். விடைத்தாளைக் கண்டால் திறந்து பார்க்காமல் இருக்க அவரால் முடியாது.

கிழமையைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார், அந்த வட்டத்தைப் பார்த்தார். எதற்கும் முகம் மாறவில்லை. கடைசித் தாளில் நின்றுவிட்டார். நானும் எட்டிப் பார்த்தேன்.

'நான் நலமாக இருக்கிறேன். என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.'

"முதல் வரி நான் சொல்லிக்கொடுத்தது" என்றார் மாமியார். குரல் ரொம்ப சாதாரணமாக இருந்தது. "ரெண்டாவது நான் சொல்லிக்கொடுக்கலை."

மாமனார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தரையில் கிடந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை." அவர் தயங்கினார். "தினமும் படிக்கவெச்சியே. சரியாச் சொல்லலேன்னா உன் முகம் ஒரு மாதிரி ஆயிடும். எதுக்கு இவ இவ்வளவு பயப்படறான்னு யோசிச்சேன். அப்படித்தான் ஏதோ இருக்கும்னு தோணிச்சு."

மாமியார் கோப்பை மூடினார். அழவில்லை. அழுதிருந்தால் நான் பக்கத்தில் போயிருப்பேன். டாக்டர் அறைக் கதவு திறந்து பெயரைக் கூப்பிட்டார்கள். மாமனாரை அந்த நாற்காலியிலேயே காதணிப் பெண்ணின் பொறுப்பில் விட்டுவிட்டு நாங்கள் உள்ளே போனோம்.

டாக்டருக்கு ஜலதோஷம். கைக்குட்டையை மடித்து மடித்து வைத்துக்கொண்டே கோப்பைப் புரட்டினார். "ஆறு மாசத்துல இவ்வளவு இறங்கக் கூடாதே" என்றார் தனக்குத்தானே.

"இறங்கலை டாக்டர்" என்றார் மாமியார். நிமிர்ந்து உட்கார்ந்தார். "போன தடவையே இப்படித்தான் இருந்தார். நான் நாற்பது நாள் சொல்லிக்கொடுத்துக் கூட்டிட்டு வந்தேன். வீட்டுல எல்லாம் சரியா இருக்குன்னு உங்ககிட்ட சொன்னதும் பொய். அது அவர் வாங்கின மார்க் இல்லை, நான் வாங்கினது."

டாக்டர் கைக்குட்டையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "தினமும் சொல்லிச் சொல்லிப் பழக்கினா சிலது வாய்க்குப் பழகிடும்மா. புதுசா வர்றதுதான் உள்ளே தங்காது. இன்னிக்கு மூணு வார்த்தை தங்கலை, பாருங்க. பழைய வேலை, மேகம், காத்து, அதெல்லாம் இன்னும் கொஞ்ச காலம் இருக்கும். அதோட இருங்க. கேள்வி கேட்டுச் சோதிக்காதீங்க. தப்பா சொன்னா திருத்தவும் வேண்டாம்."

"பேரு எழுதுவீங்களா?"

"ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் பார்த்துட்டு எழுதுவேன். அல்சைமர்னுதான் எனக்குத் தோணுது."

"எழுதினா அவரைக் கூட்டிட்டுப் போயிடுவாங்களா?"

"யாரு?"

மாமியார் என்னைப் பார்த்தார். யார் என்று அவரும் இதுவரை யோசித்ததில்லை போலிருக்கிறது.

"மாத்திரை தர்றேன். குணமாகாது, அதைத் தெளிவாச் சொல்லிடறேன். சிலருக்குக் கொஞ்ச நாள் தடுமாற்றம் குறையும். பகல் காப்பகம் நல்ல யோசனை. சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவார். எங்கே இருக்கணும்னு முடிவு பண்றது நீங்க. என் பேனா இல்லை." டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க கொஞ்சம் வெளியே இருங்க. அம்மாகிட்ட ரெண்டு நிமிஷம் பேசணும்."

ரெண்டு நிமிஷம் பதினைந்து நிமிஷம் ஆயிற்று. தாழ்வாரத்து வெளிச்சம் நகர்ந்து மாமனாரின் முழங்கால்வரை வந்திருந்தது. அவர் அதன்மேல் கையை வைத்துப் பார்த்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று கேட்டால் எனக்கும் கிழமை தெரியாத மாதிரிதான் இருந்தது.

மாமியார் வந்தார். கையில் இரண்டு தாள். ஒன்றை என்னிடம் தந்தார், மாமனாருக்கான ஸ்கேன் சீட்டு. இன்னொன்றும் பரிசோதனைச் சீட்டுதான், அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். மடிக்கும்போது மேலே எழுதியிருந்த பெயர் தெரிந்தது. மாமனார் பெயர் இல்லை, மாமியார் பெயர்.

"அது என்ன அத்தை?"

"அது கிடக்கட்டும். முதல்ல இவரைப் பார்ப்போம்."

மாமனார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மாமியாரிடம் மெதுவாகக் கேட்டார்.

"பாஸா?"

மாமியார் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். 'பாஸ்' என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். சொன்னால் நானும் தலையாட்டியிருப்பேன்.

"இல்லைங்க" என்றார். "ஃபெயில்."

மாமனார் தலையை ஆட்டிக்கொண்டார். எதிர்பார்த்த செய்தியைக் கேட்ட மாதிரி இருந்தது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். கால்களைச் சேர்த்துவைத்து, நாற்காலியில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்தார்.

"சரி. அப்ப நீங்க ரெண்டு பேரும் கிளம்புங்க. இருட்டறதுக்குள்ள போயிடுங்க. நான் இங்கேயே இருந்துக்கறேன்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாமியார் திருப்பவில்லை.

"ஃபெயிலானவங்க எங்கேங்க போவாங்க? அவங்களும் வீட்டுக்குத்தான் போவாங்க" என்றார். "எழுந்திருங்க. போலாம்."

"நிஜமாவா?"

"நிஜமா."

அவர் நீட்டிய கையை மாமனார் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிடித்துக்கொண்டு எழுந்தார்.